ஒரே பொருள், பல நிறம்: ஒளியும் பரப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே துணி பகலில் ஒரு நிறம், ராத்திரி விளக்கில் வேறு நிறம், நனைத்தால் இன்னொரு நிறம். பெயிண்டில் நிறம் பொருத்தும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், மற்ற பதில்களில் பாதி அதன் மேல்தான் நிற்கிறது.

1. நிறம் பொருளில் இருக்கிறதா, ஒளியில் இருக்கிறதா?

இரண்டிலும் முழுசாக இல்லை. பொருளிடம் இருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான்: வருகிற ஒளியில் எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்குவது, எவ்வளவு திருப்பி அனுப்புவது என்ற பழக்கம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 நானோமீட்டரிலிருந்து 700 நானோமீட்டர் வரை. குறைந்த முனையில் ஊதா, கூடின முனையில் சிவப்பு. சிவப்புப் பந்து 600-க்கு மேலே இருப்பதைப் பெரும்பாலும் திருப்பிவிடும், கீழே இருப்பதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அந்தப் பந்தின் மேல் வெறும் பச்சை ஒளியைப் பாய்ச்சினால் திருப்பி அனுப்ப அதனிடம் ஒன்றும் இருக்காது, கறுப்பாகத்தான் தெரியும்.

திரும்பி வந்த ஒளியும் நேராக நிறமாகிவிடாது. விழித்திரையில் பகல் பார்வைக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு வகை 420 நானோமீட்டர் பக்கத்தில் அதிகமாகத் தூண்டப்படும், இன்னொன்று 530 பக்கத்தில், மூன்றாவது 560 பக்கத்தில். இந்த மூன்றும் எவ்வளவு தூண்டப்பட்டன என்பதை ஒப்பிட்டுப் பார்த்து மூளை சொல்லும் முடிவுக்குத்தான் நாம் நிறம் என்று பேர் வைத்திருக்கிறோம். ஒளிக்கதிர்களுக்கே நிறம் கிடையாது, நிற உணர்வை எழுப்பும் தன்மைதான் உண்டு என்று நியூட்டன் 1704-இலேயே எழுதிவிட்டார்.

ஆக விளக்கு, பரப்பு, கண் என்று மூன்று பேர். மூவரில் யார் மாறினாலும் நிறம் மாறும்.

2. எதிரொளிப்பு என்றால் கண்ணாடி செய்வதுதானே? சுவர் என்ன எதிரொளிக்கிறது?

சுவரும் நிறையவே எதிரொளிக்கிறது. வெள்ளைச் சுவர், விழுந்த ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடி ஒரு திசையில் வந்ததை ஒரே திசையில் அனுப்புகிறது, அதனால் பிம்பம் தெரிகிறது. சுவர் எல்லாப் பக்கமும் இறைத்துவிடுகிறது, அதனால் பிம்பம் கலைந்துபோய் வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. நீங்கள் எங்கே நின்று பார்த்தாலும் சுவர் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரிவது இதனால்தான்.

எது வழவழப்பு, எது சொரசொரப்பு என்பதை ஒளியின் அலைநீளத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். அலைநீளமோ தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. உங்கள் விரலுக்கு வழுவழுவென்று இருக்கும் காகிதம், ஒளிக்கு மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும்.

3. சிவப்புப் பந்தின் மேல் விளக்கின் பளபளப்பு மட்டும் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது?

இதுதான் நான் சொன்ன கேள்வி. பிளாஸ்டிக், பெயிண்ட், மரம், இலை, தோல், பீங்கான் என்று உலோகம் அல்லாத எதை எடுத்துக்கொண்டாலும் அதிலிருந்து வருவது ஒரு எதிரொளிப்பு அல்ல, இரண்டு.

முதலாவது மேல்தோலில் நடப்பது. காற்றிலிருந்து வேறொரு பொருளுக்குள் ஒளி நுழையும் எல்லையில், ஒரு சிறு பங்கு உள்ளே போகாமலேயே திரும்பிவிடும். நேராக விழுந்தால் இது சுமார் 4 சதவீதம்தான். இந்தப் பங்கு பொருளின் உள்ளே போகவே இல்லை, அதனால் நிறமியைச் சந்திக்கவும் இல்லை. விளக்கு வெள்ளை என்றால் அதுவும் வெள்ளை, விளக்கு மஞ்சள் என்றால் அதுவும் மஞ்சள்.

இரண்டாவது உள்ளே போய் வருவது. மீதி 96 சதவீதம் உள்ளே நுழைந்து, துகள்களில் மோதி மோதித் திரும்பி, வழியில் சில அலைநீளங்களைப் பறிகொடுத்துவிட்டு, எங்கேயோ ஒரு திசையில் வெளியே வருகிறது. பந்தின் சிவப்பு இந்த ஒளியில்தான் இருக்கிறது.

நாம் பார்ப்பது இரண்டும் கலந்த கலவை. ஒரு பரப்பின் நிறம் திடீரென்று மாறியது போல் இருந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மேல்தோல் ஒளி கூடிவிட்டதா, இல்லை உள்ளே போய் வந்த ஒளி மாறிவிட்டதா? அநேகமாகப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

4. ஒரே பெயிண்ட், ஒரே எண். பளபளப்பு ரகத்தில் அடர்த்தியாகவும் மேட் ரகத்தில் வெளுத்தும் தெரிகிறதே?

நிறமி இரண்டிலும் ஒன்றுதான். மாறியது மேல்தோல். பளபளப்பான பரப்பில் அந்த 4 சதவீத வெள்ளை ஒளி மொத்தமாக ஒரு திசையில் போய்விடும். அந்தத் திசையில் நீங்கள் நிற்காதவரை உங்கள் கண்ணுக்கு உள்ளிருந்து வரும் நிற ஒளி மட்டும் வரும், நிறம் ஆழமாகத் தெரியும். மேட் பெயிண்டில் மேற்பரப்பே வேண்டுமென்று சொரசொரப்பாக்கப்பட்டிருக்கும். அதே 4 சதவீதம் எல்லாத் திசையிலும் இறைபட்டு, எங்கே நின்றாலும் நிறத்தின் மேல் மெல்லிய வெள்ளைப் புகை படிந்த மாதிரி கலந்துவிடும்.

வெளிர் நிறங்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சுவர் 80 சதவீதம் திருப்பி அனுப்பும்போது அதில் 4 எந்த மூலைக்கு? கறுப்பிலும் கருநீலத்திலும்தான் வசமாக மாட்டிக்கொள்வோம். உள்ளிருந்து வருவதே 3 சதவீதம் என்றால் மேல்தோலின் 4 சதவீதம் அதை அமுக்கிவிடும். மேட்டில் முழுக் கறுப்பு கேட்டு வந்தவர்கள் சாம்பலாக இருக்கிறது என்று டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. டப்பாவில் தப்பில்லை.

கறுப்பு பிளாஸ்டிக்கில் விழுந்த கீறல் வெள்ளையாகத் தெரிவதும் இதே கதைதான். கீறலில் வெள்ளையாக எதுவும் இல்லை, அந்த இடத்தில் மேல்தோல் உடைந்து ஒளியை இறைக்கிறது. ஒரு துளி எண்ணெய் தடவினால் கீறல் மறைந்தது போல் ஆகிவிடும். துடைத்தால் மறுபடி வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

5. துணி நனைந்தால் ஏன் கறுக்கிறது? தண்ணீருக்குத்தான் நிறமே இல்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எவ்வளவு திரும்பும், எவ்வளவு வளையும் என்பது இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, பருத்தி நாருக்குச் சுமார் 1.5. உலர்ந்த துணியில் ஒவ்வொரு நாரும் காற்றால் சூழப்பட்டிருக்கிறது, 1-க்கும் 1.5-க்கும் நல்ல இடைவெளி. ஒளி நாருக்கு நார் முட்டி மோதிச் சீக்கிரமே வெளியே வந்துவிடும். நனைந்ததும் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர். 1.33-க்கும் 1.5-க்கும் இடைவெளி குறைவு, அதனால் ஒளி ஒவ்வொரு நாரிலும் கொஞ்சம்தான் திசை மாறுகிறது, முன்னோக்கியே போய்க்கொண்டிருக்கிறது. ஆழமாகப் போகும் ஒளி அதிக நேரம் சாயத்தோடு உரசும், அதிகம் விழுங்கப்படும். திரும்பி வருவது குறைவு, அதனால் கறுப்பு.

இன்னொரு காரணமும் கூடச் சேர்ந்துகொள்கிறது. மேலே படிந்த தண்ணீர்ப் படலத்துக்குள்ளிருந்து வெளியேறப் பார்க்கும் ஒளியில் ஒரு பகுதி, சாய்ந்த கோணத்தில் வந்தால் முழு அக எதிரொளிப்பு ஆகித் திரும்பத் துணிக்கே போய்விடும். மறுபடி ஒரு தடவை விழுங்கப்படும் வாய்ப்பு.

நனைந்த வெள்ளைத் துணி கறுக்காமல் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுப்பது ஏன் என்பதற்கும் இதுதான் விடை. விழுங்கச் சாயம் இல்லை, இறைக்கும் சக்தியும் போய்விட்டது, ஒளி அந்தப் பக்கம் கடந்து போகிறது. எண்ணெய் பட்ட காகிதமும் அப்படியே.

ஈரச் சுண்ணாம்பு அடித்த சுவர் முதலில் ஒன்றுமே அடிக்காதது போல் இருந்து, காய்ந்த பிறகு பளீரென்று வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புத் துகளின் எண் சுமார் 1.6, தண்ணீருக்குள் அது பாதி ஒளிந்துகொள்கிறது. வெள்ளை பெயிண்டில் போடும் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.6-க்கும் மேல். அதனால்தான் அது பிசினுக்குள் மூழ்கிக் கிடந்தாலும் வெள்ளையாகவே இருக்கிறது.

6. பனிக்கட்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது, பனித்தூள் ஏன் வெள்ளை?

ஒரே பொருள்தான், எல்லைகளின் எண்ணிக்கைதான் வேறு. ஒரு கட்டிக்கு இரண்டு பரப்பு. அதையே தூளாக்கினால் லட்சக்கணக்கான பரப்பு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி திரும்புகிறது, கடைசியில் கிட்டத்தட்ட எல்லாமே திரும்பிவிடுகிறது. புதுப்பனி விழுந்த ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். உப்பு, உடைந்த கண்ணாடித் தூள், நுரை, மேகம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வெள்ளை.

நிறமுள்ள படிகத்தை அரைத்தாலும் வெளிறும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் மயில்துத்தம் பார்த்திருப்பீர்கள், படிகமாக இருக்கும்போது அடர் நீலம், அரைத்தால் வெளிர் நீலம். ஒளி உள்ளே நடக்கும் தூரம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

7. உலோகத்துக்கு மட்டும் ஏன் தனி மினுமினுப்பு?

உலோகத்தில் இரண்டாவது எதிரொளிப்பு கிடையாது. அதில் சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்கள் ஒளியை உள்ளே விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். வெள்ளி, தெரியும் ஒளியில் பெரும்பகுதியை 95 சதவீதத்துக்கு மேல் திருப்பும், அதுவும் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாக. தங்கமோ சுமார் 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீலத்தையும் ஊதாவையும் நன்றாக விழுங்குகிறது. மிஞ்சியது மஞ்சள். இதற்குக் காரணம் கேட்டால் ஐன்ஸ்டைன் வரை போக வேண்டும்: தங்கத்தின் அணுக்கரு கனமானது, உள்சுற்று எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்குகின்றன, அந்தச் சார்பியல் விளைவால் ஆற்றல் மட்டங்கள் நகர்ந்து, புற ஊதாவில் நடந்திருக்க வேண்டிய உறிஞ்சல் நீலத்துக்கு இறங்கிவிட்டது. அது மட்டும் இல்லையென்றால் தங்கமும் வெள்ளி மாதிரி வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

தங்கத்தின் பளபளப்புப் புள்ளியே மஞ்சளாக இருக்கும் என்பதைக் கவனியுங்கள். மஞ்சள் பிளாஸ்டிக்கில் அந்தப் புள்ளி வெள்ளை. ஓவியரும் கணினியில் முப்பரிமாணப் படம் வரைபவரும் உலோகத்தைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

8. ராத்திரியில் சன்னல் கண்ணாடி ஏன் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுகிறது?

கண்ணாடி எப்போதும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு முகத்திலும் தலா 4 சதவீதம், மொத்தம் சுமார் 8. பகலில் வெளியிலிருந்து வரும் வெளிச்சம் இந்த 8-ஐ மூழ்கடித்துவிடும். இரவில் வெளியே இருட்டு, அறையில் விளக்கு, போட்டிக்கு ஆள் இல்லை.

அந்த 4 சதவீதம் நேராகப் பார்க்கும்போது மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாய்ந்து பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே போய், பரப்பை ஒட்டிய கோணத்தில் 100-ஐத் தொடும். மேட் காகிதத்தைக்கூடக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, அதை ஒட்டினாற்போல விளக்கைப் பாருங்கள், மினுங்கும்.

9. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பா?

ஓரளவுக்கு. இயற்பியலில் பெரும் பேர் வாங்கிய ரேலே அப்படித்தான் நினைத்தார். 1921-இல் சி.வி. ராமன் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். அவர் கையில் இருந்தது ஒரு சிறிய நிக்கல் பட்டகம். இதில் நிக்கல் என்பது உலோகம் அல்ல, அதைச் செய்தவரின் பெயர். தண்ணீரின் மேல்தோலில் பட்டுத் திரும்பும் ஒளி சுமார் 53 டிகிரிக் கோணத்தில் முழுக்கத் தளவிளைவுற்றிருக்கும், அதாவது ஒரே தளத்தில் அதிரும். பட்டகத்தைச் சரியான பக்கம் திருப்பினால் அந்த ஒளியை அப்படியே அணைத்துவிடலாம். வானத்தின் பிரதிபலிப்பை அணைத்த பிறகும் கடல் நீலமாகத்தான் இருந்தது, சொல்லப்போனால் இன்னும் நல்ல நீலமாக. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம் என்றார். அந்த வழியிலேயே போய்த்தான் 1928-இல் ராமன் விளைவு வந்தது. தண்ணீர் சிவப்பை லேசாக விழுங்குவதும் பெரிய காரணம் என்பது இன்று தெரியும். ஒரு டம்ளரில் தெரியாது, பல மீட்டர் ஆழத்தில் தெரியும்.

மூன்றாவது பதிலோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். மேல்தோல் ஒளியைப் பிரித்து எடுத்துவிட்டு உள்நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறார். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டால் இலைகள் கூடுதல் பச்சையாகத் தெரிவதும் அதே வேலைதான்.

10. கடையில் பொருந்திய இரண்டு துணி வீட்டில் ஏன் பொருந்தவில்லை?

மூன்று வகைக் கூம்புகளும் எவ்வளவு தூண்டப்பட்டன என்ற மூன்று எண்களைத்தான் கண் பார்க்கிறது என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, பிரச்சினை அங்கேதான். முற்றிலும் வேறு வேறு அலைநீளக் கலவைகள் அதே மூன்று எண்களைத் தரலாம். இரண்டு துணியில் இரண்டு வெவ்வேறு சாயம், ஒரு விளக்கின் கீழ் தற்செயலாக ஒரே எண்கள் வந்தன, விளக்கை மாற்றியதும் கணக்கு பிரிந்துவிட்டது. தொழிலில் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். நானே ஒரு முறை கதவையும் அதன் சட்டத்தையும் இரண்டு வேறு தயாரிப்பில் அடித்துவிட்டு, குழல் விளக்கில் பார்த்துத் திருப்தியாகத் தூங்கப் போனேன், காலையில் சட்டம் மட்டும் பச்சை தட்டி நின்றது.

இதன் எல்லைக்கோடு பார்க்க வேண்டுமென்றால் பழைய குறை அழுத்த சோடியம் விளக்கின் கீழே நிற்க வேண்டும். அது தருவது 589 நானோமீட்டர் மஞ்சள் மட்டும்தான். சிவப்புக் காரும் நீலக் காரும் மஞ்சள் கலந்த சாம்பலின் இரண்டு சாயலாகத் தெரியும், எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

தப்பிக்க வழி எளிது: குறைந்தது இரண்டு வகை வெளிச்சத்தில் பாருங்கள், அதில் ஒன்று பகல் வெளிச்சமாக இருக்கட்டும். எல்இடி வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் இருந்தால் நல்லது. மஞ்சள் வெளிச்சமா வெள்ளை வெளிச்சமா என்று சொல்லும் கெல்வின் எண் வேறு, இது வேறு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

11. மஞ்சள் விளக்கில்கூட வெள்ளைத் தாள் வெள்ளையாகத்தானே தெரிகிறது?

ஆமாம், ஏனென்றால் மூளை சும்மா இருப்பதில்லை. அறையில் உள்ள எல்லாவற்றிலும் மஞ்சள் ஏறியிருந்தால், அது விளக்கின் குணம் என்று புரிந்துகொண்டு கழித்துவிடும். கேமரா அப்படிக் கழிக்காவிட்டால் படம் முழுக்க மஞ்சளாக வரும், அதற்குத்தான் ஒயிட் பேலன்ஸ்.

இந்தக் கழித்தல் தப்பாகப் போவதும் உண்டு. 2015-இல் ஒரு உடையின் படம் இணையத்தைக் கலக்கியது நினைவிருக்கும்: பாதிப் பேருக்கு நீலமும் கறுப்பும், பாதிப் பேருக்கு வெள்ளையும் தங்கமும். உடை உண்மையில் நீலமும் கறுப்பும்தான். படத்தில் எந்த மாதிரி வெளிச்சம் விழுகிறது என்பதற்கான தடயம் சரியாக இல்லை. நிழலில் இருக்கிறது என்று நினைத்த மூளை நீலத்தைக் கழித்தது, விளக்கொளியில் இருக்கிறது என்று நினைத்த மூளை மஞ்சளைக் கழித்தது. எனக்கு அது வெள்ளையும் தங்கமுமாகத்தான் தெரிந்தது, இத்தனை வருடம் நிறம் பார்த்தவன் என்ற மரியாதை அன்றோடு போயிற்று.

12. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பெயிண்டில் பச்சை, ஒளியில் மட்டும் ஏன் வெள்ளை?

பெயிண்ட் கலப்பது என்பது விழுங்குபவர்களைச் சேர்ப்பது. மஞ்சள் நிறமி நீலத்தை விழுங்கும், நீல நிறமி சிவப்பை விழுங்கும், இருவரும் விட்டுவைத்தது நடுவிலிருக்கும் பச்சை. ஒளியைக் கலப்பதோ ஒளியோடு ஒளியைச் சேர்ப்பது, எதுவும் குறையாது. மஞ்சள் ஒளி இரண்டு வகைக் கூம்புகளைத் தூண்டும், நீல ஒளி மூன்றாவதைத் தூண்டும், மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. அதனால்தான் அச்சுக்கு சியான், மெஜந்தா, மஞ்சள், திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம்.

13. மயில் இறகில் நீல நிறமியே இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இறகை நன்றாக அரைத்துவிட்டால் பழுப்புத் தூள்தான் கிடைக்கும். உள்ளே மெலனின் குச்சிகள் ஒரு ஒழுங்கான வலைபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன, அடுக்குகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போகிறது. அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து திரும்பும் அலைகள் ஒரு நிறத்துக்கு ஒன்றோடொன்று கைகோத்துக் கூடுகின்றன, மற்றதற்குக் கூடுவதில்லை. இடைவெளி கொஞ்சம் மாறினால் நீலம் பச்சையாகிவிடும், பார்க்கும் கோணம் மாறினாலும் சாயல் மாறும். இறகைத் தண்ணீரில் நனைத்தால் நிறம் அழிந்துபோவதை ராபர்ட் ஹூக் 1665-இலேயே நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். காற்று இருந்த இடத்தில் தண்ணீர், நனைந்த துணியின் பங்காளிதான்.

சோப்புக் குமிழில் இரண்டு பரப்பு, அவற்றுக்கு நடுவே சில நூறு நானோமீட்டர் தடிமனில் தண்ணீர். அது வடிய வடிய நிறங்கள் ஓடும், உடைவதற்குச் சற்று முன்னால் மேல்பகுதி கறுப்பாகத் தெரியும். கறுப்பு வந்துவிட்டால் அடுத்த நொடி குமிழ் காலி என்று பந்தயம் கட்டலாம். சிடியின் பின்புறத்தில் தெரியும் வானவில், 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடும் தடங்களால் வருவது. டிவிடியில் தடங்கள் 0.74 மைக்ரோமீட்டருக்கு நெருங்கிவிடுவதால் நிறங்கள் இன்னும் அகலமாக விரியும்.

14. துவைத்த வெள்ளைச் சட்டை காகிதத்தைவிட வெள்ளையாக இருக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் ஏமாற்று வேலை அது. சலவைத் தூளில் கலந்திருக்கும் ஒளிர்வுப் பொருள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை விழுங்கி நீல ஒளியாக உமிழும். அந்தச் சட்டை விழுந்ததைவிட அதிகமான நீல ஒளியைத் திருப்பித் தருகிறது, பழுப்பேறிய மஞ்சளை அது ஈடுகட்டிவிடும். ஹைலைட்டர் பேனா பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தாளைவிடப் பளிச்சென்று இருப்பதும் இப்படித்தான். புற ஊதா இல்லாத விளக்கின் கீழே இரண்டும் அடங்கிவிடும்.

15. உலகத்திலேயே அதிகக் கறுப்பு எது?

2014-இல் வந்த வாண்டாபிளாக், தெரியும் ஒளியில் 99.965 சதவீதத்தை விழுங்கும். செங்குத்தாக நிற்கும் கார்பன் நானோ குழாய்களின் காடு அது, உள்ளே போன ஒளி வழி தெரியாமல் அங்கேயே முடிந்துபோகும். அதற்குப் பிறகு அதைவிடக் கறுப்பானவையும் வந்துவிட்டன. இந்த மாதிரிப் பூச்சு அடித்தால் மேடு பள்ளம் எதுவும் தெரியாது, பொருளில் ஓட்டை விழுந்தது போல இருக்கும், ஏனென்றால் வடிவத்தைக் கண் பிடிப்பதே திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான்.

எதிர்ப்பக்க உதாரணம் நிலா. அது விழுந்த ஒளியில் சராசரியாகச் சுமார் 12 சதவீதம்தான் திருப்புகிறது, தேய்ந்த தார் ரோட்டின் கணக்கு. பின்னால் கறுப்பு வானம் இருப்பதால் பாலாகத் தெரிகிறது.

16. பழுப்பு நிறத்தின் அலைநீளம் என்ன?

கிடையாது. பழுப்பு என்பது வெளிச்சமான சூழலுக்கு நடுவே மங்கலாக இருக்கும் ஆரஞ்சு. இருட்டறையில் பழுப்பு விளக்கு என்று ஒன்றை யாரும் செய்ய முடியாது. மெஜந்தாவுக்கும் தனி அலைநீளம் இல்லை, சிவப்பும் நீலமும் வந்து பச்சை வராதபோது மூளை போடும் பெயர் அது.

17. அந்தி நேரத்தில் சிவப்புப் பூ கறுத்துப்போகிறது, நீலப் பூ மட்டும் பளிச்சென்று இருக்கிறதே?

வெளிச்சம் குறைந்ததும் கூம்பு செல்கள் ஓய்ந்து, குச்சி செல்கள் வேலைக்கு வருகின்றன. அவற்றுக்குப் பிடித்தது 500 நானோமீட்டர் பக்கம், சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்துச் சொன்னதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. பூ மாறவில்லை, பார்க்கிற ஆள்தான் மாறிவிட்டார்.

18. வெயிலில் நிறம் ஏன் வெளுக்கிறது?

நிறமி ஒளியை விழுங்கித்தான் பிழைக்கிறது, விழுங்கிய ஆற்றல் சில சமயம் அதன் மூலக்கூறையே உடைத்துவிடும். புற ஊதாவுக்கு அந்தப் பலம் அதிகம். இரும்பு ஆக்சைடு மாதிரிக் கனிம நிறமிகள் தாங்கும், பல கரிமச் சாயங்கள் தாங்காது. வெளியே அடிக்கிற பெயிண்டுக்குக் காவி நிறம் கேட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

19. கடைசியாக ஒன்று: முகம் பார்க்கும் கண்ணாடிக்கு என்ன நிறம்?

லேசான பச்சை. சாதாரணக் கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பு, சிவப்பையும் நீலத்தையும் துளி அதிகமாக விழுங்குகிறது. ஒரு தடவை பட்டுத் திரும்பினால் தெரியாது. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிராக வைத்து நடுவே தலையை நீட்டிப் பாருங்கள், உள்ளே உள்ளே போகும் உங்கள் முகங்கள் ஒவ்வொன்றாக இருண்டு, தூரத்தில் பாசி பிடித்தது போல ஆகியிருக்கும்.